பொலேரோ கண்ணாடி, ஒன்று

செலவுச் சீட்டில் எழுதியிருந்தது:
பொலேரோ கண்ணாடி, இடப்பக்கம், ஒன்று.
ரூபாய் நாலாயிரத்து இருநூறு.
காரணம் என்ற கட்டத்தில்
சென்னியப்பனின் கோழிக்கிறுக்கல்:
பூட்டு உறஞ்சிருச்சு.

திருச்செங்கோட்டில், ரிக்கு ஆபீசில்,
மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து
மூன்று தடவை படித்தேன்.
பால் உறையும். ரத்தம் உறையும்.
பூட்டு?

போனில் கேட்டேன்.
"மண்டிக்கு மேல ஒரு மலையூருங்க.
ராத்திரி மழை, விடியறப்ப பனி.
ஆயிரம் அடி பாறையத் தொளைக்கிற ரிக்கு
இந்தப்பக்கம் நிக்குது.
சாவி ஓட்டைக்குள்ள
அரிசியத்தனை பனிக்கட்டி
அந்தப்பக்கம் நிக்குது.
ஜெயிச்சது அதுதானுங்க."

சுடுதண்ணி ஊற்றினார்களாம்.
திறந்ததாம்.
சந்தோசத்தில் டீ குடித்துவிட்டு வந்தால்
ஊற்றிய தண்ணியும் சேர்ந்து உறைந்து
முன்னைவிட மோசம்.
பிறகுதான் கல்லெடுத்தது.

"அதுக்கு முன்னாடி பூட்டுல
எதாச்சும் விட்டீங்களா?"
கொஞ்ச நேரம் போனில் காற்று மட்டும்.
"தேங்காயெண்ணெய் விட்டனுங்க."

மார்கழி பிறந்தால் என் வீட்டிலேயே
எண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாய்க் கவிழ்த்தாலும்
ஒரு சொட்டு விழாது.
வெந்நீர்ச் செம்பில் நிறுத்தி எடுத்துத்தான்
மகளுக்குத் தலை பின்னுகிறேன்.
அதுவும் இந்த ஊர்க் குளிருக்கு!

அடுத்த ஐப்பசியில், வண்டி வடக்கே கிளம்பும் முன்,
பழைய இரும்புக்கடையில்
கதவுப்பூட்டு இரண்டு வாங்கினேன், அறுபது ரூபாய்.
ஒன்றுக்குள் தேங்காயெண்ணெயும் ஒரு கரண்டித் தண்ணியும்.
மற்றதன் ஈரம் போக ஊத வேண்டும்.
"நம்ம கம்ப்ரசர்லயே ஊதலாமுங்க" என்றான் எங்கள் பையன்.
ஊதினால் பூட்டு பள்ளிபாளையத்தில் போய் விழும்.
பஞ்சர் கடையில் ஊதினேன்.
கிருத்திகாவின் பென்சில் முனையைத் தேய்த்து
அந்தக் கரியைத் துவாரத்தில் தட்டினேன்.

மாதேசன் பேக்கரி ஐஸ் பெட்டியில்
குல்பிக்கும் பட்டர்ஸ்காட்சுக்கும் நடுவே
இரண்டு பூட்டும் ஒரு ராத்திரி தூங்கின.
"கஸ்டமரு பாத்தா என்னங்க நெனப்பாங்க?"
"புது ஐட்டம்னு சொல்லுங்க."

காலையில்
எண்ணெய்ப் பூட்டு சாவியை உள்ளேயே சேர்க்கவில்லை.
கரிப்பூட்டு டொக்கென்று திரும்பியது.
இன்னொரு தடவை. இன்னும் பத்துத் தடவை.
கதவே இல்லாத பூட்டை இந்தம்மா எதுக்கு
திறந்து திறந்து மூடுகிறாள் என்று
வடை கடித்த வாயோடு நாலு பேர் பார்த்தார்கள்.

வண்டியோடு ஒரு பை தாட்டிவிட்டேன்:
மருந்துச் சீசாவில் பென்சில் கரி,
கதவு ரப்பரில் தடவக் கிளிசரின்,
துவாரத்தின் மேல் ஒட்ட டேப்பு, ஒரு லைட்டர்.
லைட்டரில் எழுதி ஒட்டினேன்:
சாவியைக் காய்ச்ச. பீடிக்கு அல்ல.
அந்தியில் வண்டி கழுவாதீங்க,
காத்து வர்ற பக்கம் பூட்டைக் காட்டாதீங்க,
சுடுதண்ணி, அந்தப் பேச்சே வேண்டாம்.

மொத்தம் நூற்றுப் பதினேழு ரூபாய்.
எந்தத் தலைப்பில் எழுதுவது?
டீசல், பேட்டா, ஸ்பேர், இதர எல்லாம் தாண்டி
புதுப் பக்கத்தில் "பனி" என்று எழுதினேன்.
ஆடிட்டர் சிவப்பு மையில்
ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

தை மாதம், விடிகாலை ஐந்தரைக்குப் போன்.
"தொறந்துருச்சுங்க! ஒரே திருப்பு!"
நான் வாய் திறக்கும் முன்,
குரல் இறங்கியது.
"டீசல் உறஞ்சிருச்சுங்க."

பேக்கரி திறக்கும்வரை பொறுத்திருந்து
அரை லிட்டர் பாட்டிலோடு போனேன்.
மூடியை மோந்து பார்த்த மாதேசன்
ஐஸ் பெட்டியின் மேல்
இரண்டு கையையும் பரப்பி நின்றார்.